பதினாறு மூட்டை

எதுவினா சிகுவாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. சிலோயே என்ற பெரிய தீவுக்குப் பக்கத்துச் சின்னத் தீவில் அவளுக்கு உருளைக்கிழங்குத் தோட்டம் ஒன்று, கணவர் ஒருவர், கோழிகள் பன்னிரண்டு. கணவர் மீன் பண்ணை வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். கோழிகள் தவறாமல் நீல முட்டை போடும். யார் மேல் அவளுக்கு மதிப்பு அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரலில் நீர்க்கீரி ஒன்று கூண்டுக்குள் புகுந்தது. பசிக்கு ஒன்றைத் தின்றது. பொழுதுபோக்குக்குப் பதினொன்றைக் கடித்துப் போட்டது. நகரத்துக் கடையில் வெள்ளைக் கோழி கிடைக்கும். ஆனால் அது தீவின் மழையைப் பார்த்ததும் தும்மும். அடைகாக்க வைத்தால் திருதிருவென்று முழிக்கும்.

ஆகவே எதுவினா மெதான் வைத்தாள். இழந்தவர் விருந்து போட வேண்டும். இழந்த பொருளை ஊரார் வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். அதுதான் மெதான். இரண்டு நாள் கிழங்கு துருவி, பன்றிக்கொழுப்பு சேர்த்து அப்பம் சுட்டாள். ஆப்பிள் கள் பீப்பாயைத் திறந்தாள். ஊரின் பதினாறு வீட்டாரும் வந்தார்கள், பதினாறு மூட்டைகளோடு. விருந்தாளி முன்னால் மூட்டையை அவிழ்ப்பது அநாகரிகம்.

"உன் கஷ்டத்தப் பாத்து மனசு தாங்கலம்மா" என்றார் பக்கத்து வீட்டு பால்தொமேரோ, பதினோராவது அப்பத்தை விழுங்கியபடி. "இன்னொரு கிளாஸ் ஊத்து."

எல்லோரும் போனபின் அவிழ்த்தாள். சேவல். அடுத்ததிலும் சேவல். பதினாறும் சேவல்!

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. 'பெட்டையை மற்றவர்கள் தருவார்கள்; ஒரு சேவலும் வேண்டாமா?' பதினாறு வீட்டிலும் ஒரே தொலைநோக்கு.

மறுநாள் நாத்தனார் ரொசால்பா வந்து உச்சுக்கொட்டினாள். "பெட்டை ஒண்ணுகூட இல்லியா அண்ணி? ச்சீ, என்ன ஜனங்க!"

"உன் மூட்டையிலயும் சேவல்தாண்டி."

"அது நல்ல ஜாதி, அண்ணி."

இளசாக ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியைக் குழம்பாக்கி அடுத்த ஞாயிறு மறுபடி விருந்து வைத்தாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் விடாமல் வந்தார்கள். இளசைத் தந்த வீட்டாரைத் தவிர, அவரவர் தட்டில் அவரவர் சேவல்.

"என்னண்ணே, மெல்ல முடியலியா?" என்று பால்தொமேரோவிடம் விசாரித்தாள். "உங்க வீட்டுச் சரக்குதான். எத்தன வருஷம் வளத்தீங்க?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தங்கள் தட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"கூண்டுல இன்னும் ஒரு பெட்டகூட இல்ல. வர்ற ஞாயித்துக்கெழம இன்னொரு மெதான். இந்தத் தடவ மூட்ட வேணாம், கையில புடிச்சிக்கிட்டு வாங்க."

பதினாறு பேரும் பட்டப்பகலில், ஒருவர் அக்குளை ஒருவர் நோட்டம்விட்டபடி வந்தார்கள். பதினாறும் பெட்டை. கடைசியாக வந்தவர் பால்தொமேரோ. அக்குள் இடுக்கில் ஒரு சிவப்புக் கோழி.

"முட்ட போடுமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட! வர்ற வழியிலயே ஒண்ணு போட்டுச்சு." சட்டைப் பையிலிருந்து நீல முட்டையை எடுத்துப் பெருமையாகக் காட்டிவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தார்.

எதுவினா கையை நீட்டினாள். "அதுவும் கோழியோட சேத்திதாண்ணே."