நாலு பேருக்கு மேல் ஏற்றாத வண்டி

எங்கள் மலையூர் டாக்ஸி ஸ்டாண்டில் என் அக்காவுக்கு வைத்த பெயர் ‘நாலுபேரு’. பின்னால் மூன்று பேர், முன்னால் ஒருவர், ஓட்டுகிற அவள். மடியில் உட்காரும் குழந்தையைத் தவிர அதற்கு மேல் ஒரு தலையை அவள் ஏற்றியதில்லை. மற்ற வண்டிகளில் ஏழு பேர் ஏறுவார்கள். டிரைவர் கதவோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் தொடைக்கு அடியில் கியரைத் தேடுவார்.

பத்தாவதோடு படிப்பை விட்டுத் தையல் கம்பெனியில் சேர்ந்தவள் அக்கா. நாள் முழுக்கச் சட்டைக் காலர். கம்பெனி வேன் டிரைவர் சொல்லாமல் லீவு போட்ட நாட்களில் வேனை எடுத்து எடுத்து ஓட்டப் பழகினாள். அந்தக் காலர்களில்தான் நான் காலேஜ் படித்தேன். எங்கள் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான், மெக்கானிக்கல். பிறகு கம்பெனியை விட்டு, டாக்ஸி ஓட்ட ஒரு கார் வாங்கியதும் அந்த எழுத்துகளைப் பின்கண்ணாடியில் ஒட்டலாமா என்று கேட்டாள்.

“வண்டிக்கு எதுக்குக்கா டிகிரி?”

“அதுவும் உன் கூடப் பொறந்ததுதானடா.”

மோட்டார் சைக்கிளில் மனைவி மக்களை அடுக்கிக்கொண்டு போகிறவர்களை நாலு சக்கரத்துக்கு மாற்றுவதற்கென்றே செய்த கார் அது. பணக்கார நாடுகளில் விற்பதில்லை. ஒரு வைப்பர், ஒரு பக்கக் கண்ணாடி. டிக்கி வெளியிலிருந்து திறக்காது; பின் சீட்டைச் சாய்த்துத்தான் பெட்டியைத் தள்ள வேண்டும். கதவை அறைந்தால் தகர டப்பாவை மூடிய சத்தம் வரும். ஸ்டாண்டில் அதற்கும் ஒரு பெயர் உண்டு: சோப்புப் பெட்டி.

வாங்கிய புதிதில் அவளும் எல்லோரையும் போல ஏழு பேரை ஏற்றினாள். ஸ்டாண்டிலிருந்து டவுனுக்கு மலையிறக்கம். மூன்றாம் வளைவில் பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. சாலையோரத்து ஜல்லிக் குவியலில் வண்டியை ஏற்றி நிறுத்தினாள். யாருக்கும் கீறல்கூட இல்லை. இறங்கிய ஒருவர், “சூப்பரா ஓட்டுறம்மா” என்று பாராட்டிவிட்டு, நடந்து போனாராம். அந்தப் பாராட்டுதான் அவளைத் தூங்கவிடவில்லை. எனக்குப் போன் செய்தாள். ஐந்து பேருக்கென்று செய்த பிரேக், எடை கூடினால் இறக்கத்தில் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று நான் படித்ததைச் சொன்னேன். மறுநாளிலிருந்து நாலு பேர்.

இது ஸ்டாண்டுக்குக் குடைச்சலாகிவிட்டது. “அந்தம்மா வண்டியில கால நீட்டி உக்காரலாம்” என்று பயணிகள் பேச ஆரம்பித்தார்கள். ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. வரிசையில் முதலில் நிற்கும் வண்டிதான் வருகிற கூட்டத்தை எடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று முறை மறுத்தால் வரிசையில் இடமே கிடையாது. அந்த மாதம் அவள் இரண்டு முறை மறுத்திருந்தாள். ஸ்டாண்டுத் தலைவர் மூன்றாவதற்காகக் காத்திருந்தார்.

நான் விடுமுறைக்குப் போயிருந்த அன்று காலை அது வந்தது. சாலையில் ஒரு பள்ளி வேன் புகை கக்கிக்கொண்டு நின்றது. விளையாட்டு வாத்தியார் ஒருவரும் நாலு பெண் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். டவுன் ஸ்டேடியத்தில் தொடர் ஓட்டம். பத்து மணிக்குள் பெயர் கொடுக்காவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வரிசையில் முதல் வண்டி சோப்புப் பெட்டி.

“அஞ்சு பேரு,” என்றார் தலைவர் சத்தமாக. “தங்கச்சி, எடு வண்டிய.”

“என்னோட ஆறு ஆயிடும்ணே.”

“புள்ளைங்கம்மா, காத்தாட்டம் இருக்குதுங்க. முடியலன்னா சொல்லிடு. அடுத்த வண்டி எடுக்கட்டும். நீ நாளையிலருந்து வீட்டுல ரெஸ்ட் எடு.”

அடுத்த வண்டிக்காரர் அதற்குள் கதவைத் திறந்து பிடித்திருந்தார். உள்ளே அவருக்குத் தெரிந்த இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா பிள்ளைகளைப் பார்த்தாள். “ஒருத்தி பின்னாடி அடுத்த வண்டியில வந்தா ஆகாதா?”

“நாலு பேரும் ஓடணும்க்கா,” என்றாள் நெட்டையானவள். “ஒருத்தி இல்லன்னாலும் கிடையாது. பேர சார்தான் கொடுக்கணும்.”

அக்காவின் பார்வை வாத்தியார் பக்கம் திரும்பியது. “சார், அந்த வேன யாரு ஓட்டிட்டு வந்தது?”

“நான்தாம்மா.”

அக்கா சாவியை நீட்டினாள்.

 நான் அவள் காதருகே போனேன். “அக்கா, யாரு என்னன்னு தெரியாது.”

“படிச்சவன்தானே, அவர் நம்பர வாங்கி வை.” பிறகு வாத்தியாரிடம், “இறக்கத்துல ரெண்டாவது கியர் சார். பிரேக்க மிதிச்சுக்கிட்டே போகாதீங்க. மூணாவது வளைவுல ஒரு தண்ணிக் குழாய் இருக்கு, அங்க நிறுத்தி ஆற விடுங்க. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான். அடிச்சுட்டுப் போகட்டும்.”

தகர டப்பா மூடும் சத்தம் நாலு முறை கேட்டது. வண்டி திரும்பி, பனிமூட்டத்துக்குள் இறங்கி மறைந்தது.

“இது என்ன கூத்து?” என்றார் தலைவர்.

“வரிசையில வண்டி போகணும்னுதானண்ணே சட்டம்? போயிடுச்சு.”

“போயிடுச்சு, சரி. வருமா?”

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாலையையே பார்த்தாள். மலை வளைவுகளுக்குள் போய்விட்டால் சிக்னல் கிடைக்காது. நான் அழைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் டீ கொடுத்தார். அது அவள் கையிலேயே ஆறிப்போனது. “பழைய இரும்புக்காரன் கடையில ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா நாலுபேரு?” என்று ஒருவர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். தையல் கம்பெனி இன்னும் ஆள் எடுக்கிறதா என்று என் மனம் யோசிக்க ஆரம்பித்திருந்தது.

டவுனிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து ஏறி வந்த முதல் வண்டி பஞ்சருடையது. பஞ்சர் என்பது டிரைவரின் பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. ஏழு பேரையும் இறக்கிவிட்டு நேராக அக்காவிடம் வந்தார்.

“உன் வண்டி மூணாவது வளைவுல நிக்குது. டிரைவர் கதவு தொறந்து கெடக்கு. உள்ள ஒரு ஆளக் காணோம்.”

அக்கா எழுந்துவிட்டாள். “புள்ளைங்க?”

“அதான் சொல்றேனே, யாரும் இல்ல. பனியில பள்ளம் எது ரோடு எதுன்னே தெரியல.”

“நிறுத்திப் பாக்கலையாண்ணே?”

“ஏழு பேர வச்சுக்கிட்டு ஏத்தத்துல நிறுத்துனா மறுபடி கெளம்புமா?” சொல்லி முடித்த பிறகுதான் பஞ்சருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது போலிருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா மலைப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டாள். செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நான் சொன்ன எடைக் கணக்கில் ஒரு வாத்தியாரின் கால் எப்படி மிதிக்கும் என்பது இல்லை. அது எனக்கு அப்போது உறைத்தது. முதல் வளைவு தாண்டவில்லை. என் போன் அடித்தது.

“வந்து சேந்துட்டோம் தம்பி. பேர் கொடுத்தாச்சு,” என்றார் வாத்தியார். “குழாய்கிட்ட நிறுத்தினமா, ஒருத்திக்கு வாந்தி. எல்லாரும் பாறைக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனோம். பதட்டத்துல கதவ மூடல. அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

அக்கா போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டாள். பிறகு அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். “செருப்பக் குடு,” என்றாள். அவள் பாதத்தில் ஒரு சின்ன ஜல்லி குத்தியிருந்தது.

நாங்கள் திரும்பியபோது தலைவர் நாற்காலியில் இல்லை. தன் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து பிரேக் மிதியை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எதையோ துடைப்பது போலக் குனிந்தார்.

மதியத்துக்கு மேல் சோப்புப் பெட்டி வந்து நின்றது. பிள்ளைகள் தோற்றிருந்தார்கள், மூன்றாவது ஆள் கோலைக் கீழே போட்டுவிட்டாளாம். “அதுக்கும் உங்க வண்டிக்கும் சம்பந்தம் இல்லம்மா,” என்று வாத்தியார் சாவியைக் கொடுத்தார். அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சக்கரங்களின் மேல் கை வைத்துப் பார்த்தாள். பிறகு வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மாலையில் அவள் முறை வந்தபோது, ஒரே குடும்பமாக ஐந்து பேர் வந்தார்கள். நாலு பேர் ஏறினார்கள். ஐந்தாமவர், மூட்டையோடு ஒரு பெரியவர், குனிந்து உள்ளே இடம் தேடினார்.

“நாலு பேருதாங்க,” என்றாள் அக்கா. தலைவர் பக்கம் திரும்பவில்லை. 

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“பெரியவரே, நீங்க அடுத்த வண்டி.”

பெரியவர் அடுத்து நின்ற பஞ்சரின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இதுல எத்தன பேருங்க?”

“அதெல்லாம் கேக்காதீங்க,” என்றார் தலைவர். “ஏறுங்க.”

பெரியவர் ஏறவில்லை. மூட்டையை இறக்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். “அந்தம்மா திரும்பி வரட்டும்,” என்றார்.