அண்ணையின்ரை காரும் அதின்ரை ரெண்டு பற்றரியும்

எங்கடை அண்ணை சுவிஸிலை இருக்கிறார். அவற்றை கார் வேலணையிலை எங்கடை வீட்டுக் கொட்டிலுக்குள்ளை இருக்கு. கார் வச்சிருக்கிற ஆள் காருக்குக் கிட்ட இருக்கிறதுதான் உலக வழக்கம். அண்ணைக்கு அந்த வழக்கம் ஒத்துவரேல்லை. அங்கத்தைக் கோடை லீவுக்கு வருவார், மூண்டு நாலு கிழமை கோயில், கடல், சொந்தக்காரர் எண்டு அந்தக் காரிலை திரிவார். திரும்பிப் போகேக்கை காரின்ரை திறப்பை என்ரை கையிலை தந்திட்டு, பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்திலை விட்ட தாய் மாதிரித் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போவார். என்னையில்லை, காரை.

சும்மா சொல்லக்கூடாது, வடிவான கார். கறுப்பு, நல்ல நீட்டு. திறப்பிலை இருக்கிற பட்டினை அமத்தினால் லைற்றாலை கண் சிமிட்டும். சீற்றுச் சூடாகிற வசதியும் இருக்கு. வேலணை வெயிலுக்குள்ளை சீற்றைச் சூடாக்கி என்ன முட்டையோ அவிக்கிறது எண்டு இவர் கேட்டவர். இவர் எண்டது என்ரை மனிசன். ஊர்காவற்றுறை ரோட்டிலை கனகாலம் பஸ் டிரைவராய் ஓடி ஓய்வெடுத்த ஆள்.

அந்தக் காருக்கு ரெண்டு பற்றரி. ஒண்டு எஞ்சினைக் கிளப்ப. மற்றது மிச்சம் எல்லாத்துக்கும், கதவு, கண்ணாடி, லைற், பாட்டு, அந்தச் சீற்றுச் சூட்டுக்கும். ரெண்டையும் சாகவிடக்கூடாது எண்டு அண்ணை புரட்டாதி பிறந்தவுடனை வட்ஸ்அப்பிலை குரல் அனுப்பத் துவங்குவார். "விண்டர் வருது, பற்றரி கவனம்" எண்டுவார். இஞ்சை என்ன விண்டர் அண்ணை, மாரிதானே, பனி கொட்டப் போகுதோ எண்டு கேட்டால், அங்கை பனிக்கு ரோட்டிலை உப்புப் போடுறவங்களாம், அந்த உப்புக் காரைத் திண்டுபோடுமாம். இஞ்சை ஆரும் ரோட்டிலை உப்புப் போடுறேல்லை எண்டன். உங்களைச் சுத்திக் கிடக்கிறது பின்னை என்ன எண்டு கேட்டார். தீவைச் சுத்தி நாலு பக்கமும் உப்புக் கடல்தானே.

அதாலை சட்டம் ரெண்டு. கார் கேற்றைத் தாண்டக்கூடாது. சுவிஸிலை இருந்து கொண்டந்து தந்த சார்ஜர் மாரி முழுக்கக் கரண்டிலை கொழுவினபடி இருக்கவேணும், ஞாயிற்றுக்கிழமையிலை அதின்ரை லைற் எரியிற படத்தை அவருக்கு அனுப்பவேணும். நான் சுகமோ எண்டு கேக்கிறதுக்கு முதல் லைற் எரியுதோ எண்டுதான் கேப்பார்.

நான் அவரைப் பகிடி பண்ணினாலும் அந்த லைற்றிலை எனக்கும் ஒரு பயம் இருந்தது. போன தரம் அவர் வந்து இறங்கின அண்டைக்குக் கார் செத்துக் கிடந்தது. அதோடை ஒருநாள் பின்னேரம் சாட்டிக் கடற்கரையிலை குளிச்சுப்போட்டு வரேக்கை, ஐஸ்கிறீம் விக்கிற பொடியன் அவரைப் பாத்து எந்த நாடு எண்டு இங்கிலீசிலை கேட்டுப்போட்டான். அண்ணை அண்டைக்குச் சாப்பிடேல்லை. வெளிக்கிடேக்கை சொன்னார், "இனியொருக்கால் இந்தப் பற்றரி செத்துதெண்டால் காரை வித்துப்போடுவம் பிள்ளை. ஊரிலை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. வந்து வந்து நான் என்னத்தைச் செய்யிறது?"

கார் போனால் அண்ணையும் இனி வரமாட்டார். எனக்கு அப்பிடித்தான் விளங்கினது. கூடப்பிறந்தது எண்டு எனக்கு அவர் ஒராள்தான். அதாலை அந்த ரெண்டு பற்றரியையும் நான் கண்ணுக்குள்ளை வச்சுப் பாத்தன். பாத்த வடிவைச் சொன்னால் சிரிப்பியள்.

ஐப்பசியிலை எங்களுக்குப் பின்னேரம் பின்னேரம் இடி. தீவிலை இடி உறுமினால் பிளக் பிடுங்காத வீடு இல்லை. ரீவியைப் பிடுங்கி, பிரிஜ்ஜைப் பிடுங்கி, கொட்டிலுக்கு ஓடிப்போய்ச் சார்ஜரையும் பிடுங்கிப்போடுவன். பிடுங்கச் சொல்லி இடி சொல்லும், திருப்பிக் கொழுவச் சொல்லி ஒண்டும் சொல்லாது. ரீவிக்கு நாடகம் இருக்கிறபடியால் அது மறக்காது. சார்ஜருக்கு என்ன நாடகம் இருக்கு? ஞாயிறு படம் எடுக்கேக்கைதான் நினைவு வரும். கொழுவுவன், லைற் எரியும், படம் போகும். பின்னேரம் திரும்ப இடி.

இது காணாதெண்டு வெள்ளிக்கிழமையிலை விளக்கு வச்ச கையோடை காருக்கும் கற்பூரம் காட்டி, இவரைக் கொண்டு ஸ்ராட் பண்ணுவிப்பன். கற்பூரம் எரிஞ்சு முடியுமட்டும் எஞ்சின் ஓடும், பிறகு நிப்பாட்டுவம். சாமிக்கும் சரி, பற்றரிக்கும் சரி எண்டு எனக்கு நல்ல திருப்தி.

கார்த்திகையிலை ஒரு வெள்ளி, கற்பூரத்தோடை போய் நிக்கிறன், இவர் திறப்பை அமத்துறார், கார் கண் சிமிட்டேல்லை. திரும்ப அமத்தினார். அசுமாத்தமே இல்லை. நான் கற்பூரத் தட்டைக் கீழை வச்சிட்டு அழத் துவங்கினன். திறப்புக்குள்ளை ஒளிச்சுக் கிடந்த சின்னத் திறப்பாலை இவர் முன்கதவை ஒருமாதிரித் திறந்தார். ஆனால் கதவுக்கும் லைற்றுக்கும் எண்டிருந்த, செத்த பற்றரி கிடக்கிறது டிக்கிக்குள்ளை. டிக்கியைத் திறக்கக் கரண்ட் வேணும். கரண்ட் கிடக்கவேண்டியது பற்றரிக்குள்ளை. பற்றரி டிக்கிக்குள்ளை. இதைக் கண்டுபிடிச்ச கோதாரி ஆரெண்டு இவர் கேக்க, அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

ஊர்காவற்றுறையிலை இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். முன்பக்கத்தாலை கரண்ட் குடுக்க டிக்கி பெருமூச்சு விட்டுக்கொண்டு திறந்துது. உள்ளுக்கை அண்ணையின்ரை கடலுக்குப் போற செருப்பு, சாட்டி மணலோடை. அதை நான் மணல் கொட்டாமல் எடுத்து ஒரு பக்கத்திலை வச்சன். மெக்கானிக் என்ரை வெள்ளிக்கிழமைக் கதையைக் கேட்டுப்போட்டுத் தலையைச் சொறிஞ்சார். ஸ்ராட் பண்ணேக்கை ரெண்டு பற்றரியிலை இருந்தும் எடுக்கிற கரண்டை, கற்பூரம் எரியிற நேரத்துக்குள்ளை எஞ்சின் திருப்பிக் குடுக்காதாம். கிழமைக்குக் கிழமை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறம். பற்றரி இன்னும் முழுசாய்ச் சாகேல்லையாம். ஆனால் கொட்டிலுக்குள்ளை வச்சு உறுமவிட்டுப் பிரியோசனமில்லை, ஒருக்கால் நல்ல நீளத்துக்கு ஓடவேணும், பிறகு சார்ஜரைப் பிடுங்காமல் விடவேணும் எண்டார்.

எங்கை ஓடுறது? சும்மா அந்தக் கறுப்புக் காரிலை தீவைச் சுத்தினால் சனம் எங்களுக்கு விசர் எண்டு சொல்லும். அப்பதான் இவர் என்ரை முகத்தைப் பாத்தார். எனக்கு விளங்கீட்டுது.

பக்கத்து ஒழுங்கையிலை கடற்தொழில் செய்யிற ஒரு வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பம். நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்திலை கலியாணம் வைக்கிறேல்லை, அது துவங்க முதல் மகன்ரை கலியாணத்தை முடிக்கவேணும் எண்டு அவைக்கு அவசரம். மாப்பிள்ளைக்குக் கார் தாங்கோ அக்கா எண்டு தாய் வந்து கேக்க, ஏலாது, அண்ணை என்னை உயிரோடை விடமாட்டார் எண்டு அனுப்பினனான். இப்ப நானே போய்க் கேட்டன், கார் இன்னும் வேணுமோ எண்டு. தாய் என்னைக் கட்டிப்பிடிச்சிட்டா. அண்ணையின்ரை காதுக்கு மட்டும் போகக்கூடாது எண்டன். சத்தியம் பண்ணித் தந்தா.

பூவைக்கூட ரேப் போட்டு ஒட்டவிடேல்லை, மெல்லிய ரிபனாலை கட்டினம். இவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு காரை ஓடினார். வீட்டிலை இருந்து ஊர்காவற்றுறை வேதக்கோயில், அங்கையிருந்து படம் எடுக்கச் சாட்டி, பிறகு மண்டபம். போற வழியிலை பஸ் நிக்கிற இடமெல்லாம் இவற்றை கால் தன்ரை பாட்டிலை பிறேக்கிலை போய் நிண்டிருக்கு. இனி ஆரும் ஏறப்போறேல்லை அங்கிள் எண்டு மாப்பிள்ளை சொல்லவேண்டி வந்திட்டுது. பின்னேரம் கார் வீட்டை வரேக்கை திறப்பைத் தொட்டாலே கண் சிமிட்டினது. நான் அண்டைக்குத்தான் கனநாளைக்குப் பிறகு நிம்மதியாய்ப் படுத்தன்.

ஒண்டை மட்டும் யோசிக்கேல்லை. மாப்பிள்ளையின்ரை சொந்தத்திலை பாதி பாரிசிலை, மீதி கனடாவிலை. கலியாணம் முழுக்க நேரடியாய்ப் பேஸ்புக்கிலை போயிருக்கு. கமராக்காரன் துவங்கினதே காரிலை இருந்துதான். முன் லைற்றிலை துவங்கி, மெதுவாய் மெதுவாய், நம்பர் பிளேற் வரைக்கும்.

அடுத்தநாள் ஞாயிறு. நான் லைற் படம் அனுப்ப முதல் போன் அடிச்சுது. அண்ணை. இவர் குசினிக்குள்ளை ஓடிப்போயிட்டார், பஸ்ஸிலை வந்த சண்டையெல்லாம் தாங்கின மனிசன்.

"நேற்று அந்தக் கலியாணத்திலை நிண்டது எங்கடை கார்தானே?"

"ஓம் அண்ணை."

ஒண்டையும் மறைக்கேல்லை. இடி, பிளக், கற்பூரம், டிக்கி எல்லாத்தையும் ஒரே மூச்சிலை கொட்டினன். காரை வித்துப்போடச் சொல்லப்போறார் எண்டுதான் நினைச்சன்.

"விடியத் துவங்கி போன் ஓயேல்லை பிள்ளை," எண்டார். "ஆர் ஆரோ எடுக்கிறாங்கள். என்னோடை படிச்சவங்கள், பந்தடிச்சவங்கள். எங்கை இருக்கிறாங்கள் எண்டே எனக்குத் தெரியாது. அது உன்ரை காராமெல்லோ மச்சான், எப்ப ஊருக்குப் போறாய் எண்டு கேக்கிறாங்கள். மாப்பிள்ளையின்ரை தேப்பனும் எடுத்தவன். என்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டவன்."

குரல் ஒருமாதிரிப் போச்சு. அண்ணை அழுது நான் கேட்டதில்லை, அதாலை இருமுறார் எண்டு நினைச்சன்.

"அடுத்தது எப்ப?"

"என்ன அண்ணை?"

"கலியாணம்."

தையிலை கலியாணம் வைக்கிற ரெண்டு வீட்டுக்காரர் கார் கேட்டவை, நான் ஏலாது எண்டு சொன்னனான் எண்டன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ? ஓம் எண்டு சொல்லு. நான் வந்து காரை ஓடுறன்."

அங்கை போனதுக்குப் பிறகு அண்ணை ஒரு தைப்பொங்கலுக்கும் ஊருக்கு வந்ததில்லை. குளிர் காலத்திலை லீவு தரமாட்டாங்கள் எண்டு இவ்வளவு காலமும் சொன்ன மனிசன், நாளைக்கே கேட்டுப் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனை வச்சார். நான் போனைப் பிடிச்சபடி நிண்டு அழுதன். இவர் குசினி வாசலாலை தலையை நீட்டி, சரியாய் ஏசிப்போட்டாரோ எண்டு கேட்டார். தையிலை அண்ணை வாறார் எண்டன்.