நூற்று முப்பது அடி ஆழத்தில் ஒரு பரவாயில்லை

அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் ஜம்புநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். பரம சாது. யார் வீட்டில் பிறந்தநாள் என்றாலும் நாற்காலி தூக்கிப் போட முதலில் வந்து நிற்பார். இப்படிப்பட்டவருக்கு நாற்பது வயதுக்கு மேல், மூழ்கிய கப்பல்களைக் கடலுக்கடியில் போய்ப் பார்க்கிற பித்து பிடித்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் பிடித்தது. மகள் விஷாகாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், குளத்தின் மறுகோடியில் டைவிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று இவரும் சேர்ந்துகொண்டார். விஷாகா ஒரே வருஷத்தில் நீச்சலை விட்டுவிட்டாள். அப்பா விடவில்லை.

கோவிலுக்குப் போனால் கேலிக்குக் குறைவில்லை. "சார், எல்லாரும் வீக்எண்டுல கோல்ஃப் ஆடுறாங்க. நீங்க என்னடான்னா தண்ணிக்குள்ள போய் துருப்பிடிச்ச இரும்பைப் பாத்துட்டு வர்றீங்களே!" என்பார் குமாரசாமி. ஜம்புநாதன் சிரித்துக்கொண்டே பிரசாதத் தட்டை அடுத்தவரிடம் நீட்டுவார். மனைவி அபயாம்பாளுக்கு மட்டும் இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் கடலுக்குப் போகிற நாளெல்லாம், திரும்பி வருகிற வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

இவரிடம் ஒரு பெரிய குறை உண்டு. நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் உள்ள குறைதான், இவருக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பார். காபி சாப்பிடுகிறீர்களா என்றால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்." இரண்டாவது தடவை கேட்டால், "உங்களுக்கு எதுக்கு சிரமம்?" மூன்றாவது தடவை வற்புறுத்தினால்தான், "சரி, ஒரு அரை டம்ளர்." நம் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, யாரும் முதல் பேச்சை நம்ப மாட்டார்கள். அமெரிக்காவிலோ நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆபீஸ் மீட்டிங்குகளில் அவர் மூக்குக்கு நேரே எத்தனையோ டோனட் பெட்டிகள் கடந்து போயிருக்கின்றன. பசியோடு புன்னகை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார், பாவம்.

அவர் வழக்கமாகப் போகிற படகு டோரீன் என்கிற அம்மாளுடையது. படகை ஓட்டுவதும் அவள், அதன் குட்டிச் சமையலறையில் சூப் காய்ச்சுவதும் அவளே. அவள் புருஷன் வால்ட்தான் ஜம்புநாதனோடு ஜோடியாகக் கீழே இறங்குகிறவன். வால்டுக்கு வளவளவென்று பேச்சு, டோரீனுக்கு எதிர்மாறாக ஒரு சொல்லுக்குப் பஞ்சம். ஆனால் கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

தொண்ணூற்றேழு ஜூனில் ஒரு சனிக்கிழமை அவர்கள் கரையிலிருந்து வெகுதூரம் போனார்கள். நூற்று முப்பது அடி ஆழத்தில், யுத்த காலத்தில் முழுகிய சரக்குக் கப்பல் ஒன்று கிடந்தது. அந்தக் கப்பலின் மணி எங்கே இருக்கிறது என்று வால்ட் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தான். குளிர்காலப் புயலில் மணல் விலகியிருக்கும், இந்தத் தடவை கண்டிப்பாகக் கிடைக்கும் என்று வழியெல்லாம் அதே பேச்சு.

தண்ணீர் புகாத ட்ரை சூட்டை மாட்டும்போதே ஜம்புநாதன் கவனித்தார். வலது மணிக்கட்டைக் கவ்வுகிற ரப்பர் பட்டையில் சின்னதாக ஒரு கிழிசல். எல்லாம் சரியா என்று வால்ட் கேட்டான். அவன் ஆசையைக் கெடுப்பானேன் என்று இவர் தலையாட்டிவிட்டார்.

மேலே தண்ணீர் இதமாகத்தான் இருந்தது. பாதி வழியில் திடீரென்று ஐஸ்பெட்டிக்குள் இறங்கியது மாதிரி ஆயிற்று. கிழிசல் வழியே நீர் புகுந்து முழங்கை, தோள், முதுகு என்று பரவியது. கப்பலைத் தொடும்போது வலது கை விரல்கள் இருக்கின்றனவா என்றே அவருக்குத் தெரியவில்லை. அது சாதாரண விஷயம் இல்லை. மேலே வரும்போது உடைக்குள்ளிருக்கிற காற்றை விரலால் அழுத்தி அழுத்தி வெளியேற்ற வேண்டும். தவறினால் ஆள் பலூன் மாதிரி மேலே பறந்துவிடுவார். ரத்தத்தில் குமிழி கட்டி உயிரே போய்விடும். இதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனாலும் வால்ட் விரலை வளைத்து, சரியா என்று சைகையில் கேட்டபோது, இவர் இடது கையால் சரி என்று காட்டினார். கொஞ்ச தூரம் போய் வால்ட் மறுபடி கேட்டான். பல் கிட்டித்துப்போன நிலையிலும் மறுபடி சரி என்றார். மனுஷன் சாகப் போகிறார், அப்போதும் மரியாதை!

வால்ட் விளக்கைத் திருப்பினான். எதிரே மணல் விலகி, பல வருஷமாகத் தேடிய மணி தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் அங்கே போகாமல் திரும்பி வந்தான். முகக்கண்ணாடி இடிக்கிற அளவுக்கு நெருங்கி, நேராகக் கண்ணைப் பார்த்து, மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

ஜம்புநாதனுக்கு என்ன ஆயிற்றோ, உடைந்துவிட்டார். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். சரியில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வால்ட் பார்த்துக்கொண்டான். இவர் உடையின் காற்றை அவனே விட்டான். நங்கூரக் கயிற்றோரம் நின்று நின்று ஏற வேண்டிய இடங்களில், பிடிக்க முடியாத அந்தக் கையையும் கயிற்றையும் சேர்த்துத் தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மணியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படகில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் ஜம்புநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. உன் நாளைக் கெடுத்துவிட்டேனே என்றார். கப்பல் எங்கேயும் ஓடிப்போகாது என்றான் வால்ட். பிறகு உண்மையைச் சொன்னான். அவனாக இருந்தால் மூன்றாவது தடவை கேட்டிருக்கவே மாட்டானாம். காலையில் டோரீன்தான் காதைக் கடித்திருக்கிறாள்: ஜம்பு முதல் இரண்டு தடவை சொல்வதை நம்பாதே, சூப்புக்குக்கூட மூன்றாவது தடவைதான் வாயைத் திறக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அபயாம்பாள் வாசலிலேயே கேட்டாள். "எல்லாம் நல்லபடியா போச்சா?"

"இல்ல அபயம். செத்துருப்பேன்."

ஒன்று விடாமல் சொன்னார். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போடவில்லை.

"நீங்க மூணாவது தடவைதான் நிஜத்தைச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். நான் கட்டிக்கிட்டவ. அந்தம்மாக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவங்களே பாத்துருக்காங்க."

"நம்பர் குடுங்க."

அபயாம்பாள் இதுவரை டோரீனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. போனை எடுத்து, "ஹலோ, ஐ ஆம் ஜம்புநாதன்ஸ் வைஃப்" என்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் இங்கிலீஷில் மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. விசும்பல்தான் வந்தது, பிறகு அடக்க முடியாத அழுகை. விஷாகா ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐ ஆம் ஹியர்" என்றது போனில் அந்தக் குரல். அபயாம்பாள் அழுது முடிக்கிற வரை டோரீன் போனை வைக்கவில்லை.