பங்காளியின் பெரிய மோட்டார்

மூன்று வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், இன்று சொல்லிவிடுகிறேன்.

நகரி பக்கம் எங்கள் ஊரில் ஒரே டிரான்ஸ்பார்மரில் ஆறு பம்புசெட். வோல்டேஜ் விழுந்து விழுந்து என் மோட்டாரில் இரண்டு முறை காயில் கருகிவிட்டது. பெரிய மோட்டார் வைத்திருக்கும் என் பங்காளிதான் காரணம் என்று அவனோடு பேச்சை நிறுத்தினேன். நான் படித்தவன் இல்லையா, கரண்ட் ஆபீசுக்கு அவன்மேல் இரண்டு மொட்டைப் பெட்டிஷனும் அனுப்பினேன்.

இன்று காலை லைன்மேன் வந்தார். என் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும், "கெபாசிட்டர் எங்க சார்?" என்றார்.

"அது கரண்ட் துன்னுதுன்னு கழட்டிட்டோம்."

"யார் சார் சொன்னது? வோல்டேஜ் விழாம தாங்கறதே அதான். உங்க பங்காளி ஒருத்தர்தான் கழட்டாம வெச்சிக்கினு இருக்காரு."

ஊருக்கே சொன்னது நான்தான். அதை லைன்மேனிடம் சொல்லவில்லை.

மதியத்துக்குள் ஐந்து மோட்டாருக்கும் மாட்டிவிட்டார். முந்நூற்று முப்பதில் கிடந்த வோல்ட் மீட்டர் முள் முந்நூற்று எண்பதுக்கு ஏறி, அங்கேயே நின்றது. மோட்டார் முனகாமல் ஓடியது. வாடிக் கிடந்த கரும்புக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வரப்பில் நின்ற பங்காளி மூன்று வருடம் கழித்து என்னிடம் பேசினான்: "எவனோ எம்மேல பெட்டிஷன் போட்டானாம்ணா. அதனாலதான் லைன்மேன் வந்தாரு. புண்ணியவான், நல்லா இருக்கட்டும்."

சிரித்தானா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்டிஷனில் பெயர் போடாதவன் இந்த மன்னிப்புப் பதிவிலும் போடப் போவதில்லை. யாரென்று தெரிந்தவர்கள் கமெண்டில் என்னைத் திட்டலாம், பெயரை மட்டும் எழுதாதீர்கள்.