ஒட்டகத்துக்குக் காவல் போன நாய்

நெரெய்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மயாகுவேஸ் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் கரண்டி பிடித்தவள். தட்டில் மிச்சம் வைத்த எந்தப் பிள்ளையும் அவளிடம் தப்பியதில்லை. ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் மலைச்சாலையிலிருக்கும் நாய்க் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தாள். வியாழக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். நாய்க்கு எப்போது ஊசி, எப்படிக் குளிப்பாட்டுவது என்று சொல்லிக்கொடுப்பது அவள் பாடு.

அவளுக்கு ஆகாத மாதம் மார்ச். ஜனவரியில், பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய நாள், ராஜாக்களின் ஒட்டகங்களுக்காகப் பிள்ளைகள் செருப்புப் பெட்டியில் புல் நிரப்பிக் கட்டிலுக்கடியில் வைப்பார்கள். விடிந்தால் புல் இருக்காது, பரிசு இருக்கும். அந்தப் பரிசு நாய்க்குட்டி என்றால் தொலைந்தது. இரண்டே மாதத்தில் சோபாவைக் கிழித்துவிட்டுக் காப்பகத்துக்கு வந்துவிடும்.

செவலை என்று அவள் பேர் வைத்த நாயும் அப்படி ஒரு மார்ச்சில் வந்ததுதான். விடியற்காலையில் யாரோ துணி காயப்போடும் கயிற்றால் அதைக் கேட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பா நிறையச் சோறும் பீன்ஸும். அந்தக் கயிற்றை நெரெய்தா முற்றத்துச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவைத்தாள்.

"கட்டினவங்க என்னைக்காவது இந்தப் பக்கம் வருவாங்கல்ல, அன்னைக்கு இருக்கு கச்சேரி" என்றாள்.

எட்டு மாதமாகியும் செவலையை வளர்க்க யாரும் கேட்கவில்லை. ஆள் வந்தாலே மூலையில் போய் முதுகைக் காட்டி உட்காரும் நாயை யார் கேட்பார்கள்? இது இங்கேயே கிடந்து கிழடாகிவிடுமோ என்பதுதான் அவள் கவலை.

நவம்பரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். துணைக்கு இவெலீஸ் என்று ஒரு தாயும் வந்திருந்தாள். குளிப்பாட்டும் பாடம் முடிந்ததும் நெரெய்தா கேட்டாள்:

"யார் வீட்டுல நாய் இருக்கு?"

இவெலீஸின் மகள் லிஸ்மாரி கை தூக்கினாள். "இருந்துச்சு மிஸ். ராஜாக்கள் குடுத்தாங்க. அப்புறம் அவங்களே திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒட்டகத்துக்குக் காவல் வேணுமாம். அம்மா சொன்னாங்க."

"ஒட்டகம் என்ன கோழியா, காவல் போட?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். இவெலீஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம் முற்றத்துக்குப் போனார்கள். மூலையில் கிடந்த செவலை எழுந்தது. உடம்பெல்லாம் ஆட, ஊளையிட்டுக்கொண்டே ஓடிவந்தது. "கனேலோ" என்று பழைய பேர் சொல்லிக் கை நீட்டிய லிஸ்மாரியைத் தாண்டிப் போய், இவெலீஸின் இடுப்பில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு அழுதது.

நெரெய்தாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. எட்டு மாத வசவும் நாக்கு நுனிக்கு வந்தது.

"ராஜாக்களுக்கு இவன் வேணாமாம்மா?" என்றாள் லிஸ்மாரி.

இவெலீஸ் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ராஜாக்கள் கூட்டிட்டுப் போகல கண்ணு. நான்தான் இங்க கொண்டுவந்து கட்டினேன். வேலைக்கும் போய்ட்டு, இவனுக்கும் எல்லாம் நானே செய்ய முடியல. உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

லிஸ்மாரி நாயின் முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "குளிப்பாட்டுறது எனக்கு இப்ப தெரியும்" என்றாள்.

நெரெய்தா வசவை விழுங்கினாள். "வந்த அன்னைக்கே நாயைக் குடுக்க மாட்டோம். யார் என்ன செய்யறதுன்னு ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து பேசுங்க. சனிக்கிழமையும் இதே மனசு இருந்தா வாங்க."

சனிக்கிழமை காலையிலிருந்து செவலை கேட்டையே பார்த்து உட்கார்ந்திருந்தது. நெரெய்தாவும்தான். மணி பதினொன்றாயிற்று. வரமாட்டார்கள் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்ட நேரத்தில் இருவரும் வந்து நின்றார்கள். மகள் கையில் புதுக் கழுத்துப்பட்டை. தாய் கையில் அன்றைக்கு மாதிரியே சோறும் பீன்ஸும் நிறைந்த ஐஸ்கிரீம் டப்பா.

நெரெய்தா ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். இவெலீஸ் திட்டு வாங்கத் தயாராகத் தலை குனிந்தாள்.

"இந்தாங்க, துணி காயப்போட ஆகும்" என்று கயிற்றைச் சுருட்டி அவள் கையில் வைத்தாள் நெரெய்தா. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். "இதுல வெங்காயம் இருக்கும்மா. நாய்க்கு ஆகாது. இனிமே போடாதீங்க."

எட்டு மாதம் சேர்த்துவைத்ததில் அவள் திட்டியது அவ்வளவுதான்.