பென்சிலில் எழுதிய வயது

அந்தக் கால்நடை மருத்துவமனைக்கு இரண்டே அறை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு தராசு, ஊசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ். மேசைக்குப் பின்னால், பதினெட்டு வருடமாக அதே நாற்காலியில், டாக்டரம்மாவின் உதவியாளர் பல்லக்கா. பூனையோடு யார் வந்தாலும், பெயர் எழுதுவதற்கு முன்பே அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவருக்கு அதில் வருத்தமில்லை.

மருந்துக் குப்பியோடு வரும் பொடி எழுத்துத் தாளை எல்லோரும் கசக்கி எறிவார்கள். அவர் அதை மடி மேல் நீவி வைத்து வரிவரியாகப் படிப்பார். புரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோவார். படிப்படியாக, எந்தப் பூனைக்கு எந்த ஊசி என்பதில் டாக்டரம்மாவே அவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் நிலை வந்தது.

"வீட்டை விட்டு இறங்குமா? வேற பூனை இருக்கா? முன்னாடி இருந்தது எப்படிப் போச்சு?" என்று விசாரிப்பார். கூரை ஏறி நாலு பூனையோடு சண்டை போட்டு வருவதற்கு ஒரு கணக்கு, ஜன்னலோரம் படுத்தே காலம் தள்ளுவதற்கு வேறு கணக்கு. அவர் வீட்டுப் பூனை மேனேஜர் இரண்டாவது ரகம். எட்டு வயது. போட்ட ஊசி எல்லாம் அதன் ஊசி அட்டையில் இருந்தது.

அட்டையில் எல்லாவற்றையும் பேனாவால் எழுதும் பல்லக்கா, குட்டிகளின் வயதை மட்டும் பென்சிலால் எழுதுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அண்ணன் வீட்டுக் குட்டிக்கு அண்ணன் சொன்ன மாதத்தை அப்படியே பேனாவில் எழுதிவிட்டார். அந்த வயதுக்கு இத்தனை ஊசி போதும் என்று அனுப்பினார்கள். உண்மையில் குட்டி அதைவிடச் சின்னது. குட்டி பிழைக்கவில்லை. "நீ சொன்னதுதானே அண்ணே" என்று அவர் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. "எழுதினது நான்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். ஆறடி ஆள், முழங்கை வரை மாவு. சட்டைப்பைக்குள் ஒரு சாம்பல் நிறக் குட்டி.

"மூணு மாசக் குட்டி அக்கா. கொடுத்தவரே சொன்னார். எல்லாத்தையும் ஒரே ஊசியில போட்டு விட்டுடுங்க, வீட்டுக்குப் போகணும்."

பல்லக்கா வாயைத் திறந்தார். கடைவாய்ப் பற்கள் பாதிதான் முளைத்திருந்தன. கண்ணில் குட்டிக்கால நீலம் இன்னும் போகவில்லை. தராசு அறுநூற்றைம்பது கிராம் காட்டியது.

"மூணு மாசமா? ஏழு வாரம் இருந்தா அதிகம். முன்னாடி இருந்தது எப்படிப் போச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு இருந்துச்சுக்கா. வாந்தி, பேதி. ஒரே வாரத்துல ரெண்டும் போயிடுச்சு. நாலு மாசம் ஆச்சு."

"ஊசி?"

"ஆளுக்கு ஒண்ணு போட்டேன். என் வீட்டம்மா கறாரா சொல்லிட்டா. இன்னொரு பூனை செத்துச்சுன்னா இந்த வீட்டுல பூனைப் பேச்சே கூடாதுன்னு."

சொல்லிக்கொண்டே அந்த ஆறடி மனிதர் தராசிலிருந்த குட்டியை எடுத்து மறுபடி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்போ இது அங்க போகக் கூடாது அண்ணே" என்றார் பல்லக்கா. "அந்தக் கிருமி தரையில, பூனைங்க படுத்த சாக்குல மாசக்கணக்கா உட்கார்ந்திருக்கும். ஊசி போட்டா உடனே காவல் வந்துடாது. தாய்ப்பால்ல வந்த காவல் உடம்புல இருக்கிற வரைக்கும் ஊசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் வடியும்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் திரும்பத் திரும்பப் போடறோம். குட்டிக்கு நாலு மாசம் முடியணும்."

"அதுவரைக்கும் எங்க வைக்கிறது? இங்க வைங்களேன்."

"இங்க நோயாளிங்க வர்ற இடம்."

டாக்டரம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா சொல்றதுதான்" என்றார்.

அந்தக் குட்டி பல்லக்காவின் வீட்டுக்குப் போனது. அவர் கணவர் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். அவருடைய அறையைத்தான் காலி செய்ய வேண்டியிருந்தது.

"ஏம்மா, நான் எங்க உட்கார்றது?"

"மேனேஜரைக் கேளுங்க, ஒரு ஓரம் ஒதுக்கும்."

அன்று முதல் ரொட்டிக்கடைக்காரர் தினமும் சாயங்காலம் வந்தார். செருப்பு வாசலுக்கு வெளியே. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிறகு பல்லக்கா கணவரின் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் உடம்புக்குப் பொத்தான் எட்டவே எட்டாது. பல்லக்காவும் வேலை உடுப்பை மாற்றாமல் அந்த அறைக்குள் போனதில்லை.

குட்டியின் எட்டாம் வாரம் மூன்று நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசி, பன்னிரண்டில் மறுபடியும். இரண்டாவது ஊசி முடிந்த மறுநாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி கதவைத் தட்டினார்.

"தினம் ஆறு மணிக்கு எங்க போறார்னு பார்க்க வந்தேன்."

பல்லக்கா அறையைக் காட்டினார். வேறொருவர் சட்டையில், தொப்பை பிதுங்க, அவர் தரையில் மல்லாந்து கிடந்தார். மார்பில் குட்டி தூங்கியது.

"இதுக்குத்தான் அஞ்சு வாரமா பொய் சொன்னீங்களா? எவ வீடோன்னு நான் அழுதேன் ஐயா!"

"சத்தம் போடாதே, முழிச்சுக்கும்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, பல்லக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு ஊசி போட்டாச்சே, கூட்டிட்டுப் போகட்டுமாக்கா? இவரைப் பார்க்கப் பாவமா இருக்கு. ஆனா இதுவும் போச்சுன்னா இவர் தாங்கமாட்டார்."

"தாங்கமாட்டார்னு நீங்களே சொல்றீங்க. ஒரு மாசம் பொறுங்க. அதுக்குள்ள அந்தச் சாக்கையெல்லாம் எரிச்சுட்டு, தரையை பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊறவிட்டுக் கழுவுங்க."

அந்த அம்மாள் மூன்று தடவை கழுவினார். பதினாறாம் வாரம் கடைசிக் கூட்டு ஊசியும் ரேபீஸ் ஊசியும் ஆயின. ரொட்டிக்கடைக்காரர் கூடையோடு வந்து நின்றார். "ஊசிக்கும் ரெண்டு வாரம் வேலை செய்ய நேரம் குடுங்க" என்று வெறுங்கூடையோடு அனுப்பினார் பல்லக்கா. அவர் முறைத்தபடி போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கணவனும் மனைவியுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பல்லக்கா குட்டியைத் தராசில் நிறுத்தி வாயைத் திறந்தார். அவர் கணக்கிட்டிருந்த வயதுக்குச் சரியாக, முன்வரிசைப் பால்பற்கள் விழுந்து, அகலமான புதுப் பற்கள் வரிசை கட்டியிருந்தன.

"அடுத்த வருஷம் இதே தேதியில கூட்டிட்டு வாங்க. அப்புறம் இது கூரை ஏறுதா, வீட்டோட கிடக்குதான்னு பார்த்து என்ன ஊசின்னு முடிவு பண்ணலாம்."

"மாவு மூட்டை மேல ஏறும்" என்றார் மனைவி. "இவர் இறக்கிவிடமாட்டார்."

பல்லக்கா அட்டையை எடுத்து, பென்சிலில் இருந்த வயதை ரப்பரால் அழித்தார். தூசியை ஊதிவிட்டு, பேனாவைத் திறந்தார்.