கோட்டில் விழுந்த பள்ளம்

சுண்ணாம்புக் கல்லில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது வீடு கட்டுகிற வேலையா என்பதுதான். இல்லை. என்னுடைய கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் சேறாகப் படிந்து இறுகியது. கரிமத்தில் எடை குறைந்த அணுவும் உண்டு, எடை கூடியதும் உண்டு. அன்றைய கடல்நீரில் அவை எந்த விகிதத்தில் இருந்தனவோ, அது ஏறக்குறைய அப்படியே கல்லிலும் தங்கிவிடும். அந்த விகிதம் சட்டென்று சரிந்தால் கடலுக்குப் பெரிய கேடு வந்திருக்கலாம் என்று அர்த்தம்.

எனக்கு முன் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் விட்டுப்போன அளவுகளில் அப்படி ஒரு சரிவு இருந்தது. ஒரு மலையில் கீழிருந்து மேலாக வெட்டியெடுத்த கற்கள் அவை. விகிதங்களை வரிசையாகக் குறித்துக் கோடு இழுத்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும். பேராசிரியருக்கு அதைக் கண்டாலே முகம் மலர்ந்துவிடும். என் முனைவர் பட்டத்தையே அந்தப் பள்ளத்தின் மேல்தான் கட்டச் சொல்லியிருந்தார்.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த நாளிலிருந்து சூப்பர்மார்க்கெட் ஷிப்டுகளில் நின்று என்னைப் படிக்க வைத்தவர் அவர். நான் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் தன் சிநேகிதியிடம், "என்ரை மகள் கடல் செத்த கதையைக் கண்டுபிடிச்சிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டார். பிறகு கோயிலில் யாரைக் கண்டாலும் கடலைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

எனக்கு உறுத்தியது ஒரு விஷயம். பள்ளம் விழுந்த இடத்தில் கரிமத்தோடு கைகோத்துக்கொண்டு ஆக்ஸிஜனின் விகிதமும் இறங்கியிருந்தது. ஆக்ஸிஜன் லேசில் மாறிவிடும். பிற்காலத்தில் நிலத்தடியில் சுடுநீர் புகுந்தாலே போதும். சேமிப்பறையில் இருந்த அந்தக் கற்களை எடுத்து அறுத்துப் பார்த்தேன். கறுத்த கல்லெங்கும் மெல்லிய வெள்ளைக் கோடுகள். வெடிப்புகளில் சுடுநீர் ஏறிப் பிறகு படிந்த சுண்ணாம்பு அது. எனக்கு முன் இருந்தவர் அதை விலக்காமல் முழுக் கல்லையும் அரைத்து மாவாக்கி அளந்திருக்கிறார்.

பேராசிரியரிடம் சொன்னேன். அது பெரிய வித்தியாசம் காட்டாது, முதலில் எழுது, பிறகு சரிபார்க்கலாம் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுபடி துளைத்துப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளம் பொய்யென்றால் என் வருடங்களும் அதோடு போய்விடும்.

பல் டாக்டரிடம் இருப்பதைப் போன்ற சிறிய துளைக்கருவி எங்களிடம் உண்டு. நுண்ணோக்கியின் கீழே கல்லை வைத்து, வெள்ளைக் கோட்டைத் தொடாமல், கறுத்த மழமழப்பான இடத்தில் மட்டும் துளைக்க வேண்டும். வருகிற மாவு ஒரு சிட்டிகைகூடத் தேறாது. கை கொஞ்சம் நழுவி வெள்ளையில் பட்டால் அந்த மாவு குப்பைக்கு. இயல்பில் நான் பொறுமைசாலி இல்லை. ஆனால் அந்த வாரங்களில் என் கை ஆடவே இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

மாவில் அமிலம் விட்டு, கிளம்புகிற வாயுவின் அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் இயந்திரத்தைக் கவனிப்பவர் மதுரைக்காரர். மாவுக் குப்பிகளை வாங்கி வைத்துக்கொண்டு, "பள்ளம் காணாமப் போயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"போனாப் போகட்டும். ஆனா அது பொய்யெண்டா எனக்குத் தெரியவேணும்."

"ஆமா, அதுவும் சரிதான். காலையில ஏத்திடுறேன்."

முடிவு வந்தபோது பக்கத்திலேயே நின்றேன். கோடு கீழிருந்து மேல்வரை நேராகப் போயிருந்தது. பள்ளம் இல்லை; அது அந்த வெள்ளைக் கோடுகள் செய்த வேலை. நடுநடுவே வைத்திருந்த, விகிதம் தெரிந்த மாதிரிகளை அவர் ஒருமுறை பார்த்தார். "எல்லாம் கரெக்டா இருக்கு. மெஷின்ல தப்பில்லை" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதோடு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், சந்தோஷமும் வந்தது. இல்லாத ஒரு கேட்டை இனி யாரும் என் பெயரைச் சொல்லி நம்பப்போவதில்லை. பேராசிரியர் அறுத்த கற்களை நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு ஆய்வின் தலைப்பை மாற்றச் சொன்னார். துறைக் கூட்டத்தில் இதை நீதான் பேச வேண்டும் என்றார்.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தக் கடல் செத்த கதை பிழை. அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை."

"அப்ப உன்ரை படிப்பு?"

"அது எங்கையும் போகேல்லை. அந்தப் பிழையைப் பிடிச்சதுதான் இனி என்ரை படிப்பு."

"பேராசிரியருக்கும் தெரியாமலோ இருந்தது?"

"ஓம். நான் காட்டினாப் பிறகுதான் தெரியும்."

அம்மா கோப்பையை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். கோயில் சிநேகிதிக்குத்தான்.

"அக்கா, கடல் செத்துப்போச்செண்டு உங்களுக்குச் சொன்னனான் எல்லோ, அது பிழையாம். ஓம், கடல் சுகமாத்தான் இருந்திருக்கு. ஆர் கண்டுபிடிச்சதோ? வேறை ஆர், என்ரை மகள்தான்."